குளிர்காலத்தில் சைக்கிளில் வேலைக்கு: என்ன உடுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல குளிர்காலங்களாக நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போக அரை மணி, வர அரை மணி. ஒவ்வொரு வருடமும் குளிர் ஆரம்பித்ததும் யாராவது ஒருவர் என் மேசைப் பக்கம் வந்து, "இந்தக் குளிரிலுமா?" என்று கேட்பார். அடுத்த வாரம் அவரே திரும்பி வந்து ஜாக்கெட் பற்றி விசாரிப்பார். அப்படி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. பந்தயத்துக்கு ஓட்டுபவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, மனிதர்கள் மத்தியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியவர்களுக்காக எழுதியது.

வீட்டில் இருப்பதிலேயே கனமான கோட்டைப் போட்டுக்கொண்டால் போதாதா?

என் முதல் குளிர்காலத்தில் நான் செய்தது அதைத்தான். தொடை வரை தொங்கும் கோட்டு, உள்ளே ஸ்வெட்டர், அதற்குள் பருத்திப் பனியன். முதல் ஐந்து நிமிடம் சுகமாகத்தான் இருந்தது. பத்தாவது நிமிடம் முதுகில் வியர்வை வழிய ஆரம்பித்தது. ஒரு மேட்டை மிதித்து ஏறி முடித்து, சிக்னலில் காலை ஊன்றி நின்றேன். அவ்வளவுதான், நனைந்த சாக்கை எடுத்து முதுகில் போர்த்தியதுபோல் பனியன் ஒட்டிக்கொண்டது. மிச்ச தூரம் முழுக்கப் பல் கிட்டித்தது. அத்தனை துணிக்குள் இருந்துகொண்டு!

கணக்குப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. சைக்கிள் மிதிக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மற்றதெல்லாம் வெப்பம். நிதானமாக மிதித்துப் பெடலில் 100 வாட் கொடுத்தாலே உடம்புக்குள் 300 வாட்டுக்கு மேல் சூடு கிளம்புகிறது. நின்றபடி பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்குத் தைத்த கோட்டு அது. அதைப் போட்டுக்கொண்டு மிதித்தால் அந்தச் சூடு எங்கே போகும்?

அதனால், வீட்டு வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஒரு துணி அதிகம் என்று அர்த்தம். பத்தாவது நிமிடத்துக்கு உடுத்துங்கள்.

கொஞ்சம் வியர்த்தால் என்ன? வெயில் காலத்திலும்தான் வியர்க்கிறது.

ஒரு கிராம் வியர்வை ஆவியாக சுமார் 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உங்கள் பனியனில் 100 கிராம் வியர்வை தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை டம்ளர் கூட வராது. அது முழுக்க உலர 240 கிலோஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் 100 வாட் வீதம் வெளிவிடும் வெப்பம் மொத்தத்தையும் அதற்கே கொடுத்தாலும் 40 நிமிடம் ஆகும். வெயில் காலத்தில் இதைத்தான் குளிர்ச்சி என்று கொண்டாடுகிறோம். ஜனவரி காலையில் அதே வேலை நடந்தால் நடுக்கம்.

இன்னொன்று. துணி சூட்டைத் தருவதில்லை. துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அந்தக் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் எவ்வளவு தடிப்பான துணியாக இருந்தும் பயன் இல்லை.

வானிலைச் செயலி 5 டிகிரி என்கிறது. எனக்கு மட்டும் ஏன் அதைவிடக் குளிர்கிறது?

காற்றே அடிக்காத நாளிலும் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் 20 கி.மீ. வேகக் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001-ல் ஒரு புதிய காற்றுக்குளிர் கணக்கை ஏற்றுக்கொண்டன. அதன்படி 5 டிகிரியில் 20 கி.மீ. காற்று முகத்தில் 1 டிகிரி போல் உறைக்கும். 0 டிகிரி மைனஸ் 5 போல. மைனஸ் 10 மைனஸ் 18 போல. அதுவும் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்றை வைத்துப் போட்ட கணக்கு. தரை மட்டத்தில் காற்றின் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கும் என்று கழித்துத்தான் போட்டிருக்கிறார்கள். சைக்கிள்காரருக்கோ 20 கி.மீ. காற்று முழுசாக முகத்தில் மோதுகிறது. ஆக, அட்டவணை சொல்வதைவிட ஒரு சுற்று கூடவே குளிரும்.

இந்தக் காற்று முன்பக்கம்தான் அடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். நெஞ்சு, தொடையின் மேல்பக்கம், விரல்கள், காதுகள், ஷூவின் முனை. முதுகுக்குக் குளிர் தெரிவதே இல்லை, அது பாட்டுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும். முன்பக்கம் காற்றைத் தடுத்து முதுகுப்பக்கம் மூச்சு விடும் துணிதான் சைக்கிளுக்கு வாகானது. அந்தக் கால சைக்கிள் பந்தய வீரர்கள் மலை உச்சியில் நிற்கும் ரசிகர்களிடம் பழைய செய்தித்தாளை வாங்கி, நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொண்டு சரிவில் இறங்குவார்கள். தாளுக்குக் காற்று புகாது, கீழே இறங்கியதும் உருவி எறிந்துவிடலாம். இடிபோல் குளிர் இறங்கிய ஒரு மாலையில் நானும் அலுவலகத்துச் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு வந்திருக்கிறேன். சரசரவென்று சத்தம் வரும், குளிர் வராது.

உடம்போடு ஒட்டும் பனியன் எதில் இருக்க வேண்டும்?

பருத்தியைத் தவிர எதுவும். வெயிலில் பருத்திக்கு நிகர் கிடையாது, குளிரில் அதுவே எதிரி. தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு விடவே விடாது.

மீதி இருப்பது மெரினோ கம்பளியும் (மெரினோ என்ற வகை ஆட்டின் மெல்லிய கம்பளி) பாலியெஸ்டரும். பாலியெஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீதம் ஈரத்தைக்கூட உள்ளே ஏற்காது. வியர்வை இழைகளின் மேலேயே பரவி வெளியே போய் உலர்ந்துவிடும். காலையில் நனைந்தது மாலைக்குள் காய்ந்திருக்கும், விலையும் குறைவு, துவைக்கும் மெஷினுக்குப் பயப்படாது. குறை ஒன்றே ஒன்று: நாற்றம். இரண்டாவது நாள் போட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் இடம் மாறுவார்.

மெரினோ வேறு விதம். கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஆவியாகவே உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆனாலும் தொட்டால் ஈரம் தெரியாது. வாடை பிடிப்பது மிகக் குறைவு. ஒரே பனியனை மூன்று நான்கு நாள் காயப்போட்டுக் காயப்போட்டுப் போட்டிருக்கிறேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. 'கம்பளி என்றாலே அரிக்குமே' என்பார்கள். அரிப்பது இழையின் தடிமனைப் பொறுத்தது. சுமார் 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போனால் இழை முனை வளையாமல் தோலில் குத்தும். நல்ல மெரினோ 17 முதல் 19 மைக்ரான்; முனை தோலில் பட்டதும் மடங்கிவிடும். உலர நேரமாகும், முழங்கையில் சீக்கிரம் ஓட்டை விழும். எடை என்று பார்த்தால் சதுர மீட்டருக்கு 150 கிராம் போதும், 200 தாராளம். 250 கிராம் துணி பனிமலை ஏறுபவர்களுக்கு.

எனக்கு மெரினோவே பிடித்தம். முதல் தடவை வாங்குகிறவருக்குப் பாலியெஸ்டரைத்தான் சொல்வேன். விளையாட்டுக்கு வாங்கிய டீ-சர்ட் அலமாரியில் இருந்தால் அதுவே போதும், வாங்கவே வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: மேலே எவ்வளவு நல்ல பனியன் போட்டாலும், உள்ளே இருக்கும் பிரா பருத்தியாகவோ தடித்த பஞ்சு வைத்ததாகவோ இருந்தால் அந்த இடம் மட்டும் மத்தியானம் வரை ஈரமாகவே இருக்கும். விளையாட்டுக்கான பிராவைப் போட்டு ஓட்டி, போனதும் மாற்றிக்கொள்வது நல்லது என்று கூட வேலை செய்யும் தோழிகள் சொல்கிறார்கள்.

நடுவில் ஸ்வெட்டர் போடலாமா?

போடலாம். மெல்லிய உல்லன் ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ (பஞ்சுபோல் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை) எதுவாக இருந்தாலும் சரி, முன்னால் ஜிப் இருக்கட்டும். தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டரை சிக்னலில் கழற்ற முடியாது. இறகு அடைத்த பஃபர் ஜாக்கெட் மட்டும் வேண்டாம். இறகு வியர்வையில் நனைந்து கட்டிதட்டினால் அதன் சூடு போய்விடும்.

வெளி ஜாக்கெட் மழை புகாததாக இருந்தால் காற்றும் புகாது. ஒன்றே போதுமே?

கடையில் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். மழை புகாத ஜாக்கெட் காற்றைத் தடுக்கும், சந்தேகமில்லை. கூடவே உங்கள் வியர்வையையும் தடுக்கும்.

"மூச்சு விடும் மழை ஜாக்கெட்" என்று லேபிள் இருக்குமே என்று கேட்பீர்கள். 1969-ல் ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். நுண்துளைகள் நிறைந்த படலம் கிடைத்தது. மழை ஜாக்கெட்டுக்குள் வைக்கும் கோர்-டெக்ஸ் படலம் பிறந்தது அப்படித்தான். மழைத்துளி நுழைய முடியாத துளை, நீராவி வெளியேறப் போதுமான துளை. யோசனை அருமைதான். ஆனால் நீராவி வெளியே போக உள்ளேயும் வெளியேயும் ஈரப்பதத்தில் வேறுபாடு வேண்டும், வெளித்துணி நனைந்து ஊறாமல் இருக்க வேண்டும், அதற்கு மேல் நீங்கள் வியர்க்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க வேண்டும். மேட்டில் மிதிப்பவருக்கு எந்தப் படலமும் ஈடுகொடுப்பதில்லை. உள்ளே சொட்டும்போது "ஜாக்கெட் ஒழுகுகிறது" என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறோம். அது பெரும்பாலும் நம் சொந்த வியர்வை.

அதனால் உலர்ந்த நாட்களுக்கு மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட். குளிர்காலத்தில் மழை இல்லாத நாட்கள்தானே அதிகம்? மழை ஜாக்கெட்டைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, பெய்யும்போது மட்டும் எடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அக்குளுக்குக் கீழே ஜிப் உள்ள மழை ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். அந்த இரண்டு ஜிப்புகளும் எந்தப் படலத்தையும்விட அதிக மூச்சு விடும்.

அளவு பார்க்கும்போது நின்று பார்க்காதீர்கள். ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் குனிந்து பாருங்கள். மணிக்கட்டு தெரிகிறதா? இடுப்புக்கு மேல் சட்டை ஏறுகிறதா? இரண்டுமே காற்று நுழையும் வாசல். சைக்கிளுக்கென்று தைத்த ஜாக்கெட்டில் கையும் முதுகுப் பக்கமும் நீளமாக இருப்பது இதற்காகத்தான். அந்த வெட்டு வேறு ஜாக்கெட்டில் கிடைத்தால் அதுவும் சரி.

எத்தனை டிகிரிக்கு என்ன போடுவீர்கள்? நேராகச் சொல்லுங்கள்.

என் உடம்புக்கு, என் வேகத்துக்குச் சொல்கிறேன். 15 டிகிரி வரை முழுக்கைச் சட்டையும் மெல்லிய காற்றுத்தடுப்பும் போதும். 10-ல் மெரினோ பனியனும் காற்றுத்தடுப்பும், கூட மெல்லிய கையுறை. காதை மூடத் தொடங்குவதும் இங்கேதான். 5-க்கு வந்ததும் நடுவில் ஒரு மெல்லிய ஃப்ளீஸ், தடித்த கையுறை, கம்பளி சாக்ஸ். 0 டிகிரியில் பேன்ட்டுக்குள் நீண்ட உள்ளாடை, ஷூவுக்கு மேல் உறை, கழுத்துக்குக் குழாய்த் துணி. மைனஸ் 5-க்கும் கீழே போனால் நான் உடம்புக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. கை, கால், முகம் மூன்றுக்கும் கூட்டிக்கொண்டே போவேன்.

நீங்கள் வேகமாக மிதிப்பவர் என்றால் ஒரு படி குறையுங்கள், மெதுவாகப் போகிறவர் என்றால் கூட்டுங்கள். சமதரையில் பத்தே நிமிடம் போகிறவருக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. உடம்பு சூடேறுவதற்குள் அலுவலகம் வந்துவிடும், சாதாரணக் கோட்டே போதும்.

முதல் ஒரு மாதம் சின்னக் குறிப்பு எழுதி வையுங்கள்: எத்தனை டிகிரி, என்ன போட்டேன், எங்கே வியர்த்தது, எங்கே குளிர்ந்தது. அடுத்த வருடம் அது கைகொடுக்கும். போன வருடம் என்ன போட்டோம் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் விரல் மரத்துப்போகிறதே?

முதலில் நெஞ்சைக் கவனியுங்கள். உடலின் நடுப்பகுதிக்குக் குளிர்ந்தால், இதயத்துக்கும் மற்ற உள்ளுறுப்புகளுக்கும் சூட்டை மிச்சம் பிடிக்க, விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களை உடல் சுருக்கிவிடும். ரத்தம் வராத விரலுக்கு எந்தக் கையுறை போட்டு என்ன? கையுறை என்பது சூட்டை வைத்திருக்கும் பாத்திரம், அடுப்பு கிடையாது. ஒரு பனியன் கூடப் போட்டதும் விரல் சரியாவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இறுக்கம். குளிருக்குப் பயந்து உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இறுக்கமாக இரண்டு கையுறை மாட்டினால் ரத்த ஓட்டமும் நின்றுபோகும், காற்றுக்கும் இடம் இருக்காது. விரல் நுனியில் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். மணிக்கட்டில் நீளமாக வந்து ஜாக்கெட் கைக்குள் நுழைய வேண்டும்.

அதற்கும் மசியாத குளிருக்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டிரண்டு விரல்களைச் சேர்த்து வைக்கும் நண்டுக் கொடுக்கு போன்ற கையுறை. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும், பிரேக்கும் பிடிக்கலாம். இன்னொன்று, ஹேண்டிலிலேயே மாட்டிவிடும் பெரிய உறை. கையை உள்ளே விட்டால் பிரேக், கியர் எல்லாம் உள்ளேயே இருக்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். யானைக் காது மாதிரி சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கும். ஆனால் மைனஸ் 10-லும் மெல்லிய கையுறையோடு ஓட்ட வைப்பது அதுதான். இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

கடையில் கையுறையைப் போட்டபடி ஜாக்கெட் ஜிப்பை இழுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் வாங்காதீர்கள். பிரேக்கைப் பிடிக்க முடியாத கையுறை எவ்வளவு சூடாக இருந்தாலும் ஆபத்து.

கால்?

இங்கேயும் இறுக்கமே முதல் குற்றவாளி. இரண்டு சாக்ஸ் போட்டு வழக்கமான ஷூவுக்குள் காலைத் திணிக்காதீர்கள். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று, அதற்கு இடம் கொடுக்கும்படி அரை அளவு பெரிய ஷூ.

பெடலில் மாட்டும் வகை ஷூ என்றால் அடியைத் திருப்பிப் பாருங்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் இருக்கும், நடுவில் கிளீட் என்ற, பெடலில் மாட்டும் உலோகத் துண்டு இருக்கும். ஓட்டையில் காற்று நுழையும், உலோகம் சூட்டை உறிஞ்சும். ஓட்டைகளை உள்பக்கமிருந்து டேப் ஒட்டி மூடி, உள் அட்டைக்குக் கீழே அலுமினியப் படலம் ஒட்டிய மெல்லிய நுரைத்தாளை வெட்டிப் போடுங்கள். பத்து நிமிட வேலை, ஒரு ஜோடி புது ஷூவின் செலவு மிச்சம். குளிர் மாதங்களில் நான் தட்டைப் பெடலுக்கே மாறிவிடுகிறேன். சாதாரண பூட்ஸ் போட்டு ஓட்டலாம், வழுக்கும் இடத்தில் சட்டென்று காலை ஊன்றலாம்.

அலுவலகப் பேன்ட்டோடு ஓட்டலாமா?

உலர்ந்த நாளில் தாராளமாக. உள்ளே மெல்லிய நீண்ட உள்ளாடை, வலது கணுக்காலில் ஒரு பட்டை, செயின் கறை படாமல். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். அது தடித்த பருத்தி, நனைந்தால் நாள் முழுக்க ஈரம்.

முழங்காலை மூடுங்கள். அங்கே சதை குறைவு, காற்று நேராக அடிக்கும் இடம் வேறு. 10 டிகிரியில் அரைக்கால் சட்டையில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே முட்டி வலிக்கிறது.

தலை, காது, முகம், கண்ணாடி?

ஹெல்மெட்டுக்குள் மெல்லிய தொப்பி, காதை மூடுவதாக. பின்னல் போட்ட தடித்த குல்லாயை உள்ளே வைத்தால் ஹெல்மெட் மேலே தூக்கிக்கொண்டு நெற்றி திறந்துவிடும். விழும்போது அது காப்பாற்றாது. எந்தத் தொப்பி போட்டாலும் ஹெல்மெட்டின் பட்டையையும் அதன் பின்புறம் இருக்கும் இறுக்கும் திருகையும் புதிதாகச் சரிசெய்யுங்கள். நீள முடி இருந்தால் கொண்டை வேண்டாம், தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள்.

கழுத்துக்குக் குழாய் மாதிரியான துணி. கழுத்தில் போட்டால் மப்ளர், இழுத்தால் முகமூடி, சூடேறினால் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளலாம். உண்மையான மப்ளரின் முனை தொங்கி சக்கரத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் ஷூ லேஸ் ஒருமுறை பெடல் தண்டில் சுற்றிக்கொண்டு, சிக்னலில் நின்றவன் மரம் சாய்வதுபோல் அப்படியே சாய்ந்தேன். லேஸுக்கே அந்த கதி.

கண்ணாடி போடுபவர்களுக்கு: துணி மூக்கை மூடினால் மூச்சு மேலே போய்க் கண்ணாடி மங்கும். வாயை மட்டும் மூடி மூக்கைத் திறந்து விடுங்கள். நிற்கும்போது கண்ணாடியை மூக்கில் கொஞ்சம் இறக்கி விடுங்கள், ஓடத் தொடங்கியதும் காற்றே துடைத்துவிடும். குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுத்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வரலாம். வாயை மூடிய துணி அந்தக் காற்றைக் கொஞ்சம் ஈரமாக்கிச் சூடாக்கும். இழுப்பு வழக்கமாக வருகிறதென்றால் துணியை நம்ப வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

இருட்டில் போகிறேன், இருட்டில் வருகிறேன். பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட் போதுமா?

பகலுக்குப் போதும், இருட்டுக்குப் போதாது. அந்த மஞ்சள் பளிச்சிடுவது சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பி விடுவதால். இரவில் புற ஊதாக் கதிர் ஏது? மஞ்சள் வெறும் மஞ்சளாகிவிடும். இரவுக்கு வேண்டியது, வண்டி விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பட்டை.

அதை எங்கே ஒட்டுவது என்பதில் ஒரு சுவாரசியம். 1973-ல் சுவீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் ஒருவருடைய மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து, இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்துக் காட்டினார். வெறும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். அசைந்த மறுகணமே பார்த்தவர்கள் "மனிதன் நடக்கிறான்" என்று சொல்லிவிட்டார்கள். முதுகில் அசையாத ஒரு பட்டை, ஓட்டுநருக்குச் சாலையோரப் பலகையாகவும் தோன்றலாம். கணுக்காலில், முழங்காலில் மேலும் கீழும் போய்வரும் பட்டை மனிதக்கால் என்று உடனே தெரியும். பேன்ட்டைக் கட்டும் அந்த வலது கால் பட்டையைப் பிரதிபலிப்பதாக வாங்கி, இடது காலுக்கும் ஒன்று கட்டுங்கள். விளக்குக்கு இது மாற்று ஆகாது.

முதுகுப் பை போடுவதால்தான் வியர்க்கிறதோ?

அதேதான். பை ஒட்டும் இடத்தில் காற்றும் போகாது, ஆவியும் போகாது. பையைக் கேரியருக்கு மாற்றினால் பாதி வியர்வைப் பிரச்சினை தீர்ந்தது. புது ஜாக்கெட்டுக்கு முன்னால் கேரியர் பை வாங்குங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

அலுவலகத்தில் குளிக்க வசதி இல்லை. வாடை அடிக்காதா?

சுத்தமான உடம்பில் வரும் புது வியர்வைக்கு வாடை கிடையாது. பாக்டீரியா வேலை செய்ய நேரம் எடுக்கும். காலையில் குளித்துவிட்டுக் கிளம்புங்கள். கடைசி ஐந்து நிமிடம் ஜிப்பை முழுக்கத் திறந்து, மெதுவாக மிதியுங்கள். வியர்வை உலர்வதும் உடம்பு ஆறுவதும் அங்கேயே முடிந்துவிடும். கட்டடத்துக்குள் ஓடிவந்து நின்றால், ஓட்டும்போது வராத வியர்வையெல்லாம் அப்போதுதான் ஊற்றும். கழிப்பறையில் சின்ன ஈரத்துண்டால் துடைத்து, பனியனை மாற்றினால் முடிந்தது.

சட்டையை மடிக்காமல் உருட்டி வையுங்கள், கசங்காது. ஷூவும் பெல்ட்டும் அலுவலகத்திலேயே இருக்கட்டும். பெல்ட்டை மறந்துவிட்டு ஒருநாள் முழுக்கப் பேன்ட்டைப் பிடித்தபடி கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

ஈர பனியனைப் பைக்குள் சுருட்டி வைக்காதீர்கள். நாற்காலியின் பின்னால் போட்டுவிடுங்கள். மாலையில் ஈரக் கையுறையை மாட்டுவது உலகத்திலேயே மோசமான அனுபவங்களில் ஒன்று.

மின்சார உதவியுள்ள சைக்கிளுக்கும் இதே துணியா?

இல்லை, ஒரு அடுக்கு கூட வேண்டும். வேலையை மோட்டார் செய்கிறது, சூடு உங்களுக்கு வராது. காற்றோ அதே வேகத்தில் அடிக்கும். கையுறைக்கு அதிகம் செலவழியுங்கள்.

பின்னால் இருக்கையில் குழந்தையை உட்கார்த்திப் போகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அப்பா வியர்த்துக்கொண்டிருப்பார், குழந்தை மிதிக்காமல் அசையாமல் காற்றில் உட்கார்ந்திருக்கும். உங்களுக்குப் போடுவதை அளவாக வைத்துக் குழந்தைக்கு உடுத்தாதீர்கள். அவ்வப்போது நிறுத்தி, கழுத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.

எந்த வானிலை மிக மோசம்? மைனஸ் 15-ஆ?

என்னைக் கேட்டால் 3 டிகிரி மழை. மைனஸ் 5-ல் பனி பொழிந்தாலும் உதறினால் விழும், நனைக்காது. 3 டிகிரி மழை ஷூவுக்குள் இறங்கி, கையுறைக்குள் ஊறி, கழுத்து வழியாக முதுகுக்கு வரும். அந்த நாளில் நீங்கள் போட்டிருக்கும் மிக முக்கியமான உடை சைக்கிளின் மட்கார்டுதான். கீழிருந்து தெறிக்கும் தண்ணீர்தான் காலையும் இடுப்பையும் நனைப்பது. முன்சக்கர மட்கார்டின் முனையில் ரப்பர் மடல் ஒன்று, ஏறத்தாழ தரையைத் தொடும் அளவுக்குத் தொங்க வேண்டும். மாற்றுக் கையுறையும் மாற்று சாக்ஸும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பையின் அடியில் எப்போதும் இருக்கட்டும்.

கடும் குளிரில் எச்சரிக்கை வேறு. மைனஸ் 20-ல் 20 கி.மீ. வேகம் என்றால் அந்தக் காற்றுக்குளிர் கணக்கில் மைனஸ் 30. அந்த நிலையில் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மூக்கு நுனியோ காதோ வெளுத்து, வலி நின்று, உணர்வே இல்லாமல் போனால் அது நல்ல அறிகுறி கிடையாது. கதகதப்பான இடத்துக்குள் போங்கள், தேய்க்காதீர்கள். சாலை கண்ணாடிபோல் உறைந்திருக்கும் காலையில் நான் பஸ்ஸில் போகிறேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது. எதிலிருந்து தொடங்க?

கையுறை. பிறகு காதுக்கு ஏதாவது. பிறகு பருத்தி இல்லாத பனியன். ஜாக்கெட் நான்காவது. அநேகமாக எல்லோரும் தலைகீழாகத் தொடங்கி, விலை உயர்ந்த ஜாக்கெட்டுக்குள் மரத்த விரல்களோடு போகிறார்கள்.

இரண்டு வருடம் முன்னால் வாங்கிய மழை ஜாக்கெட் இப்போது தண்ணீரை உறிஞ்சுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பொறுங்கள். புதிதில் மழைத்துளி முத்துப்போல் உருண்டு ஓடும்; வெளித்துணியில் பூசிய நீர்விலக்கிப் பூச்சு செய்யும் வேலை அது. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு எச்சமும் அதை மூடிவிடும். உள்ளே இருக்கும் படலத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. லேபிளைப் படித்துவிட்டு, ஜிப்பையெல்லாம் மூடி, திரவ சோப்பில் துவைத்து இரண்டு முறை அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டுகூட வேண்டாம். பனியன், ஃப்ளீஸ் எதற்கும் வேண்டாம். லேபிள் அனுமதித்தால் உலர்த்தியில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் ஓட விடுங்கள், சூடு பட்டதும் பூச்சு பெரும்பாலும் உயிர் பெறும். பிறகு குழாயடியில் தோள்பட்டையில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்துப்போல் உருண்டால் இன்னும் ஒரு குளிர்காலம் ஓடும். அப்படியே கறுத்து ஊறினால் தெளிக்கும் பூச்சு ஒரு புட்டி வாங்கி, ஜாக்கெட் ஈரமாக இருக்கும்போதே தோளுக்கும் முன்கைக்கும் அடித்துக் காய வையுங்கள். மழை முதலில் விழுவது அங்கேதான்.